டோக்கியோ மாரத்தான் ஓடப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2019 மார்ச் 3 ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில் டோக்கியோ மாரத்தான் ஓடினேன். அன்றிலிருந்து சென்னையில் யாருடன் ஓடப் போனாலும் அதைப் பற்றிய கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நுழைவு, விசா விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எத்தனையோ ஊர்களில் மாரத்தான் நடக்கிறது. ஏன் டோக்கியோ?

இப்போதைய வடிவில் இந்த ஓட்டம் 2007-இல் தொடங்கியது. உலகின் பெரிய மாரத்தான்கள் என்று ஓட்டக்காரர்கள் எண்ணும் வரிசையில் 2013 முதல் இதுவும் உண்டு. அந்த வரிசையில் ஆசியாவிலிருந்து இருப்பது இது ஒன்றுதான். சுமார் 38,000 பேர் ஓடுகிறார்கள்.

ஆனால் நான் போகச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. ஓட்டத்தை ஒருநாளில் முடித்துவிட்டு, மீதி நாட்களில் 'ஜப்பானியப் பண்பாடு' பார்க்கலாம் என்றுதான் பலரும் திட்டம் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். அந்த நாட்டு மக்கள் ஒரு வேலையை எப்படிச் செய்கிறார்கள், முன்பின் தெரியாதவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அந்த 42 கி.மீ. பாதையில் பார்த்த அளவுக்கு வேறு எங்கும் நான் பார்க்கவில்லை.

இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். பொது நுழைவு குலுக்கல் முறையில் நடக்கிறது. வழக்கமாக ஆகஸ்டில் விண்ணப்பம், செப்டம்பரில் முடிவு. ஒரு இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் போட்டி போட்ட ஆண்டுகள் உண்டு. இன்னொரு வழி நன்கொடை நுழைவு. பட்டியலில் உள்ள தொண்டு அமைப்பு ஒன்றுக்குக் குறைந்தது 1,00,000 யென் கொடுத்து, நுழைவுக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். வெளிநாட்டு ஓட்டக்காரர்களுக்கு இடத்தோடு சேர்த்துப் பயணத் தொகுப்பு விற்கும் அங்கீகாரம் பெற்ற முகவர்களும் இருக்கிறார்கள். அது செலவு அதிகமான வழி. நல்ல வேகம் உள்ளவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

குலுக்கலில் பெயர் வரவில்லை. ஜப்பான் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். ஜப்பானில் குளிர்காலம் முழுவதுமே மாரத்தான் காலம்தான். கியோட்டோ மாரத்தான் பிப்ரவரியில் நடக்கிறது. பழைய கோயில்களை ஒட்டிப் போய் ஹெய்யான் ஜிங்கு ஆலயத்தின் அருகே முடியும். ஓசாகாவும் பிப்ரவரியில்தான். பெண்களுக்கு நகோயா மகளிர் மாரத்தானைத் தயங்காமல் சொல்வேன். மார்ச்சில் நடக்கும் அது உலகின் மிகப் பெரிய பெண்கள் மாரத்தான். முடித்தவர்களுக்குப் பதக்கம் தருவதில்லை, டிஃபனி நிறுவனத்தின் கழுத்தணி தருகிறார்கள். குளிர் ஆகவே ஆகாது என்பவர்களுக்கு ஒகினாவாத் தீவின் நாஹா மாரத்தான் இருக்கிறது. டிசம்பர் முதல் ஞாயிறு. நம் கடற்கரை ஊர்களில் ஓடிப் பழகிய உடம்புக்கு அந்த ஈரக்காற்று புதிதாக இருக்காது.

விசா?

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2024 முதல் சுற்றுலா மின்விசா கிடைக்கிறது. விண்ணப்பத்தை விசா மையம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். விமான நிலையத்தில் அந்த மின்விசாவை இணைய இணைப்புடன் கைபேசித் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டோ அச்சுப்பிரதியோ செல்லாது.

எத்தனை நாள் முன்னால் போய்ச் சேர வேண்டும்?

வியாழக்கிழமையாவது அங்கே இருங்கள். நேர வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான், அது பெரிய தொந்தரவு இல்லை. காலை ஐந்தரைக்கு ஓடக் கிளம்பும் வழக்கம் உள்ளவர்கள் அங்கே ஒன்பது மணிக்கு எழுந்திருப்பது போலத்தான். பந்தயம் தொடங்குவதோ 9.10-க்கு. அதனால் இரண்டு மூன்று நாள் சீக்கிரம் எழுந்து பழகிவிடுவது நல்லது.

மார்பில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்ணை நீங்களே கடவுச்சீட்டோடு போய் வாங்க வேண்டும். பந்தய நாளில் தருவதில்லை, உங்களுக்காக வேறொருவர் வாங்கவும் முடியாது. அங்கே கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். ஓட்டம் முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் கையிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடக்கப் பகுதிக்குள் விட மாட்டார்கள். எனக்குக் கட்டிய தன்னார்வலருக்கு எழுபது வயதிருக்கும். பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் தன் விரலை நுழைத்து, இறுக்கமாக இல்லையே என்று பார்த்து, என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் ஒட்டினார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. அவர் அவசரப்படவே இல்லை.

குளிர் எவ்வளவு இருக்கும்? சென்னையில் ஓடிப் பழகியவர்கள் தாங்குவார்களா?

மார்ச் தொடக்கத்தில் காலை நேரம் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் அது சொர்க்கம். நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அப்படி ஒரு சுகம் கிடையாது. சிரமமெல்லாம் தொடங்கும் முன், ஓட்டக்காரர்களைப் பிரித்து நிறுத்தும் கட்டத்துக்குள் அசையாமல் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான். பழைய ஸ்வெட்டர், கையுறை, ஒரு பிளாஸ்டிக் மழை உறை மூன்றும் கட்டாயம்.

மழை வந்துவிட்டால் கதை வேறு. நான் ஓடிய அன்று ஜப்பானின் முன்னணி வீரர் சுகுரு ஒஸாகோ குளிர் தாங்காமல் பாதியில் விலகினார். அதே மனிதர் அடுத்த ஆண்டு அதே பாதையில் 2 மணி 5 நிமிடம் 29 வினாடியில் ஓடி ஜப்பானிய சாதனை படைத்தார். உடம்பு குளிர்ந்துபோனால் பயிற்சி எவ்வளவு இருந்தாலும் பயன்படாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். 30 கி.மீ.க்குப் பிறகு விரல்கள் மரத்து, ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லின் உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் புகாத கையுறை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதற்காகக் குடிக்காமல் இருக்காதீர்கள்.

பயிற்சிக்கு நமக்குக் காலம் சாதகமாகவே இருக்கிறது. நவம்பர் மழையைச் சமாளித்துவிட்டால் டிசம்பர், ஜனவரி இரண்டும் நீண்ட ஓட்டங்களுக்கு ஏற்ற மாதங்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானை ஒரு ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம்.

நான் மெதுவாக ஓடுபவர். நிறுத்திவிடுவார்களா?

மொத்தம் 7 மணி நேரம். கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் அது துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து கணக்கு. கடைசிக் கட்டத்தில் நிற்பவர்கள் தொடக்கக் கோட்டைத் தொடவே இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகிவிடும். பாதையில் இடையிடையே நேரம் குறித்த தடைப்புள்ளிகளும் உண்டு. அந்த நேரத்துக்குள் வராதவர்களை மரியாதையாக, ஆனால் கண்டிப்பாக, பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். கழிப்பறை வரிசையில் பத்து நிமிடம் போனால் அதுவும் உங்கள் கணக்கில்தான். ஆறேகால் மணி நேரத்துக்குள் முடிக்கும் பயிற்சியோடு போனால் நிம்மதியாக ஓடலாம்.

பாதை எப்படி?

ஷிஞ்சுகுவில், டோக்கியோ மாநகர அரசின் இரட்டைக் கோபுரக் கட்டடத்தின் முன்னால் தொடங்குகிறது. வானத்திலிருந்து வெள்ளைக் காகிதத் துணுக்குகள் பனிபோலக் கொட்டும். முதல் ஐந்தாறு கி.மீ. இறக்கம். இங்கேதான் பலர் கெட்டுப்போகிறார்கள். கூட்டமும் இறக்கமும் சேர்ந்து இழுக்கும், கால் தானாக ஓடும். பிடித்து நிறுத்துங்கள். அதன் பிறகு ஏறக்குறைய சமதளம்தான்.

கந்தா, நிஹொன்பாஷி வழியாக அசாகுசா. பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் கமினாரிமொன் வாசலுக்கு எதிரே திரும்புவீர்கள். பிறகு சுமிதா ஆற்றைத் தாண்டி மொன்ஸென் நகாச்சோ, திரும்பி கின்ஸா, டோக்கியோ கோபுரம் தெரியும் தெற்குப் பகுதி, கடைசியாக மருனோஉச்சி. முடிவதற்கு முந்தைய ஒரு கி.மீ. கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் மரங்கள். அதில் திரும்பினால் முன்னே அரண்மனைப் பக்கம் அகலமான கியோகோ வீதி. அங்கே முடிவுக் கோடு.

ஒரு எச்சரிக்கை. பாதை பல இடங்களில் போய்த் திரும்பி வரும். எதிர்ப்பக்கம் வேகமாக ஓடுபவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். 34-ஆவது கி.மீ.யில் அதைப் பார்க்க மனம் சோர்ந்துபோகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பாரம் குறைந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் என்று வாங்கினாலும் அதன் சாற்றில் மீன் இருக்கும். 'தாஷி' என்கிற அந்தச் சாறுதான் ஜப்பானியச் சமையலின் அடித்தளம். காய்ச்சி, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பார்கள். இலங்கையிலும் தென்கடலோரத்திலும் மாசி என்கிறோமே, ஏறக்குறைய அதே பண்டம். மிசோ சூப், குழம்பு ஊற்றிய டோஃபு என்று எதில் வேண்டுமானாலும் இருக்கும்.

கைகொடுப்பது தெருவுக்கு ஒன்றாக இருக்கும் 'கொன்பினி' கடைகள். வாழைப்பழம், வெறும் சாத உருண்டை, உமே என்ற ஜப்பானிய பிளம் வகைப் புளிப்புக் காய் வைத்த சாத உருண்டையான ஒனிகிரி, சிவப்புப் பயறு வைத்த பன். இந்த உமே ஒனிகிரி நம் தயிர் சாதமும் ஊறுகாயும் மாதிரி வயிற்றோடு சண்டை போடாத உணவு. பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கைபேசி மொழிபெயர்ப்பில் ஒருமுறை காட்டிவிட்டு வாங்குங்கள். டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத ராமென் நூடுல்ஸ் விற்கும் டீஸ் தான்தான் என்ற கடை உண்டு. நம் சாப்பாடுதான் வேண்டும் என்றால் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷிகஸாய் பகுதிக்கு ரயில் ஏறுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் முயலாதீர்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் அவலும் பருப்புப்பொடியும் எடுத்துப் போகிறார்கள். நல்ல யோசனை.

வழியில் தண்ணீர் கொடுப்பார்களா, நாமே எடுத்துப் போக வேண்டுமா?

கொடுப்பார்கள், தாராளமாக. நான் ஓடிய ஆண்டில் பாதுகாப்புக்காக பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் தொடக்கப் பகுதிக்குள் விடவில்லை. ஜெல் கொண்டுபோகலாம்.

குப்பையைக் கீழே போடலாமா? எல்லா மாரத்தானிலும் போடுகிறார்களே.

தயவுசெய்து போடாதீர்கள். டோக்கியோவில் தெருவில் குப்பைத் தொட்டியைப் பார்ப்பதே அரிது. தன் குப்பையைத் தானே வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே சிறு பிள்ளைகளுக்கும் பழக்கம். பந்தயப் பாதையில் தன்னார்வலர்கள் பையை விரித்துப் பிடித்து நிற்கிறார்கள். காலிக் குவளையை அதில் போட்டால் உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள், கவனியுங்கள், அவர்கள் உங்களுக்கு. பல உள்ளூர் ஓட்டக்காரர்கள் ஜெல் உறையைக்கூட மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். நானும் அதற்குப் பிறகு எந்த ஊரில் ஓடினாலும் அப்படித்தான்.

கூட்டம் எப்படி உற்சாகப்படுத்தும்? ஜப்பானியர்கள் அமைதியானவர்கள் ஆயிற்றே.

ரயிலில் அமைதி. மாரத்தானில் இல்லை. 'கம்பத்தே' என்ற குரல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். முயற்சி செய், விட்டுவிடாதே என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழு, தைக்கோ முரசு எல்லாம் உண்டு.

என் மனதில் நிற்பது ஒரு பாட்டி. 37 கி.மீ. தாண்டியிருக்கும். ஒரு கையில் குடை, மறு கையில் சிறிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிய மிட்டாய்கள். என் விரல்கள் மரத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினார். கறுப்புச் சர்க்கரை. நம் பனங்கருப்பட்டி வாசம். அவர் தோள் முழுக்க நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருப்பார் என்று தெரியாது. அந்த ஐந்து கி.மீ.யை நான் ஓடி முடித்ததற்கு அவர்தான் காரணம்.

ஜப்பானில் ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இதற்கு 'எகிடென்' பற்றிச் சொல்ல வேண்டும். அது நெடுந்தூரத் தொடர் ஓட்டம். குச்சிக்குப் பதில் 'தாசுகி' என்ற துணிப்பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்து ஓடி, அடுத்தவரிடம் கொடுப்பார்கள். முதல் எகிடென் 1917-இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு, 500 கி.மீ.க்கும் மேல், இரவு பகலாக மூன்று நாள் நடந்தது. இன்று புகழ்பெற்றது 1920-இல் தொடங்கிய ஹகோனே எகிடென். ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேர் கொண்ட அணியாக, டோக்கியோவின் ஓத்தேமாச்சியிலிருந்து ஹகோனே மலை ஏரிவரை போய்த் திரும்புவார்கள். 217 கி.மீ. புத்தாண்டு விடுமுறையில் குடும்பம் குடும்பமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நமக்குப் பொங்கலன்று ஜல்லிக்கட்டு மாதிரி.

அதில் ஒரு விதி என்னை உலுக்கியது. ஒரு அணி முன்னணியிடமிருந்து குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் பின்தங்கினால், அடுத்த வீரரைக் காத்திருக்க விடாமல் வேறொரு பட்டையுடன் அனுப்பிவிடுவார்கள். அணியின் சொந்தத் தாசுகி அங்கேயே அறுந்துபோகிறது. சில நொடி தாமதத்தில், கையில் பட்டையோடு வந்து, வாங்க ஆளில்லாமல் தரையில் விழுந்து அழும் மாணவர்களைப் பார்த்தால் நமக்கும் தொண்டை அடைக்கும். தன் நேரத்துக்காக மட்டும் யாரும் அங்கே ஓடுவதில்லை.

ஹகோனே எகிடென் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் ஷிஸோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் கடும் வெயிலில் மயங்கி, பாதியில் விலகி, அமைப்பாளர்களிடம் சொல்லாமலே ஊர் திரும்பியவர். சுவீடன்காரர்கள் 1967-இல் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் சொன்னார்கள். முதியவர் கோட்டைத் தொட்டார். அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி. நடுவில் இருந்த அந்த ஆண்டுகளை எல்லாம் தன் நாட்டுப் பிள்ளைகளை ஓட வைப்பதற்கே கொடுத்தார்.

ஓடி முடித்த பிறகு எங்கே போகலாம்?

என்னைக் கேட்டால் ஹகோனேதான். ஷிஞ்சுகுவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். வெந்நீர் ஊற்றுகளும் இருக்கின்றன, ஏரிக்கரையில் எகிடென் அருங்காட்சியகமும் இருக்கிறது. மேலே ஏறும் மலைப்பாதையைப் பேருந்து சன்னல் வழியாகப் பாருங்கள். எகிடெனின் அந்த ஐந்தாம் பகுதியை அசாத்தியமாக ஓடுபவரை 'மலைக் கடவுள்' என்று அழைக்கிறார்கள். அந்த ஏற்றத்தைப் பார்த்த பிறகு அது மிகையாகத் தோன்றவில்லை.

பொதுக் குளியலறையில் உடையில்லாமல் இறங்க வேண்டுமாமே?

ஆமாம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முதல் இரண்டு நிமிடம் கூச்சம் இருக்கும், பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்துவிடும். தொட்டியில் இறங்குமுன் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் குளித்துவிட வேண்டும். சிறு துண்டு தொட்டித் தண்ணீரில் படக் கூடாது. பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் அனுமதியில்லை, முன்பே கேளுங்கள். ஓட்டத்தன்று தொடை எரிச்சலோடு கொதிக்கிற நீரில் இறங்காதீர்கள், மறுநாள் போங்கள். ஊருக்குள் இருக்கும் 'செந்தோ' குளியலறைகளில் சுமார் 550 யென்தான் ஆகும்.

கோயிலில் எப்படி நடந்துகொள்வது?

ஷிந்தோ ஆலயம் வேறு, பௌத்தக் கோயில் வேறு. ஹராஜுகு அருகே உள்ள மெய்ஜி ஜிங்கு போன்ற ஷிந்தோ ஆலயத்தில் முதலில் தொட்டி நீரில் இடக்கை, வலக்கை, வாய் என்று கழுவ வேண்டும். குவளையை வாயில் வைக்காமல் கையில் ஊற்றிக் கொப்பளியுங்கள். சந்நிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். அசாகுசாவின் சென்ஸோஜி பௌத்தக் கோயில். அங்கே கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். அது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்ச்சில் செர்ரிப் பூ பார்க்கலாமா? சுமோ?

டோக்கியோவில் செர்ரி பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான். நீங்கள் பார்க்கப்போவது உமே மலர். யுஷிமா தென்ஜின் ஆலயத்தில் நிறைய மரங்கள் உண்டு, வாசனையும் உண்டு. மார்ச் மாத சுமோ போட்டி ஓசாகாவில் நடக்கும்.

மார்ச் 3 'ஹினமட்சுரி', பெண் குழந்தைகளுக்கான திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில், மேலே அரசனும் அரசியும், கீழே தோழியரும் இசைவாணரும் என்று பொம்மைகளை அடுக்குவார்கள். நான் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் அதைப் பார்த்ததும் கொலு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அங்கிருந்த பெண் புரியாமல் சிரிக்க, கைபேசியிலிருந்த அம்மாவின் நவராத்திரிக் கொலுப் படத்தைக் காட்டினேன். அவர் படிகளை எண்ணினார். ஏழு. பிறகு தங்கள் படிகளைக் கைகாட்டி விரல் மடக்கி எண்ணினார். அதுவும் ஏழு.

ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

தாராளமாக. ரயிலுக்கு, முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஐசி அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 'சுமிமாசென்' (மன்னியுங்கள்), 'அரிகாத்தோ கொஸாய்மாஸ்' (நன்றி) இரண்டும் போதும்.

கோட்டைத் தாண்டியதும் என்ன நடக்கும்?

உடனே நிற்க விட மாட்டார்கள், நடக்கச் சொல்வார்கள். துண்டு, பதக்கம், தண்ணீர் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு தன்னார்வலரும் 'ஒட்ஸுகாரெ ஸமா தெஷ்தா' என்பார். களைத்துப்போகும் அளவுக்கு உழைத்தீர்கள், அதற்கு வணக்கம் என்கிற மாதிரி ஒரு சொல். தமிழில் அதற்கு நேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் முடித்தவர் அறுபது வயதுக்காரர், முழங்காலில் கட்டு. கோட்டைத் தாண்டினார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி, ஓடி வந்த பக்கம் திரும்பி, அந்தச் சாலையைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார். மழைநீர் அவர் தலையிலிருந்து கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் திரும்பி நின்று குனிந்தேன்.